ரோஸ்லின் பார்க்காத மைதானம்

பஸ்ஸின் மேல்தளத்துக்குக் கூரை கிடையாது, ஆற்றுக்காற்று நேராக வந்து காதுக்குள் புகுகிறது, ஷெரின் என் பக்கத்தில் உட்காராமல் நடைவழிக்கு அந்தப் பக்கம் ஓரத்து இருக்கையில் போய் உட்கார்ந்துவிட்டாள். பஸ் பாதிக்கு மேல் காலி. ஆளுக்கொரு ஓரம் கிடைக்கும்போது யாராவது ஒட்டி உட்காருவார்களா, ஊர் பார்க்க வந்தவர்கள் ஓரத்தில்தானே உட்காருவார்கள், இதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. ஆயுசில் பாதியைப் பெரம்பூர் ரிசர்வேஷன் கவுண்டரில் கழித்தவளுக்கு இதுகூடவா தெரியாது, ஒரே குடும்பம் என்று எழுதிக் கொடுத்தவர்களே ஆளுக்கொரு ஜன்னல் கேட்பார்கள், கொடுத்திருக்கிறேன். ஆனாலும் உட்காருவதற்கு முன் அவள் கொஞ்சம் நின்றாள். என் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தாள், தோளில் இருந்த பையைச் சரிசெய்துகொண்டாள், அப்புறம்தான் அந்தப் பக்கம் போனாள். அந்தத் தயக்கத்தைத்தான் பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி நாக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இல்லை, அதுவும் இல்லை. காலையில் கேட்டதுதான். டீக்குத் தண்ணீர் வைக்கலாம் என்று சமையலறைப் பக்கம் போனேன், உள்ளே ஷெரின் ஃபோனில் அவள் அப்பா எட்வினுடைய தங்கையோடு பேசிக்கொண்டிருந்தாள். "மூச்சு முட்டுது அத்தை, என் வீட்டுக்குள்ளயே எனக்கு மூச்சு முட்டுது." அவ்வளவுதான் கேட்டது. அப்படியே திரும்பி வந்துவிட்டேன், செருப்புச் சத்தம்கூட வராமல். வீடு சின்னது, அதனால் சொல்லியிருக்கலாம். ஹீட்டர் போட்டால் எனக்கே மூச்சு முட்டத்தான் செய்கிறது. ஹீட்டரைப் பற்றி அத்தையிடம் யாராவது அப்படி ரகசியக் குரலில் பேசுவார்களா.

காதில் மாட்டிக்கொள்ளக் கொடுத்த கருவியில் ஒரு பெண்குரல் ஊரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வருகிறது. இது துறைமுகம், இங்கிருந்துதான் கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்கு ஜனங்கள் போனார்கள், அதோ அந்தக் கட்டடத்தின் மேல் இரண்டு செம்புப் பறவைகள். நிமிர்ந்து பார்த்தேன். பச்சை பிடித்துப்போன இரண்டு பெரிய பறவைகள், ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு, ஒன்று ஆற்றைப் பார்த்து, ஒன்று ஊரைப் பார்த்து. ஷெரினும் பார்க்கிறாள். அவள் தினம் பார்க்கிற பறவைகள்தானே, லிவர்பூலுக்கு வேலைக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. எனக்காகத்தான் பார்க்கிற மாதிரி பார்க்கிறாள். "குளிருதா?" என்று நடைவழிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள். "இல்லம்மா, நல்லா இருக்கு." குளிருகிறது, பல் தந்தியடிக்கிறது, ஆனால் குளிருகிறது என்றால் கீழே போய் உட்காரலாம் என்பாள், அவளுக்கு மேலே உட்காரத்தான் பிடிக்கும், எட்வின் சொல்லியிருக்கிறார், ஷெரின் சின்ன வயசிலேயே மாடிப் பஸ் என்றால் உயிரை விடுவாள் என்று. எட்வின் வந்திருந்தால் நடுவில் உட்கார்ந்திருப்பார். இரண்டு பேருக்கும் நடுவில் உட்காருவதுதான் இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவருடைய உத்தியோகம். காலையில் ஷூ போட உட்கார்ந்தவர் திடீரென்று முழங்காலைப் பிடித்துக்கொண்டார், "எனக்கு வீங்கிக்கிடக்கு, நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க" என்றார். வீக்கம் ஒன்றையும் நான் பார்க்கவில்லை. அந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது, பொய் சொல்லும்போது மேலுதட்டைத் துடைத்துக்கொள்வார். துடைத்துக்கொண்டார். ஷெரினுக்கும் அது தெரியும், அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். டிக்கெட் ஊரைச் சுற்றிக்காட்டுவதற்கும் கால்பந்து மைதானத்தைச் சுற்றிக்காட்டுவதற்கும் சேர்த்து எடுத்தது. ஊரில் இரண்டு கிளப் இருக்கிறதாம், நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று. ரோஸ்லினுடையது சிவப்பு.

ரோஸ்லின். இந்தப் பேரை மனசுக்குள் சொல்லிக்கொள்ளும்போதுகூட ஒரு முறை சுற்றிப் பார்த்துக்கொள்கிறேன். எட்வினுக்குக் கால்பந்து என்றால் தூக்கம் வரும். வீட்டில் அம்மாவும் பெண்ணும்தான் டிவி முன்னால் தரையில் உட்கார்ந்து கத்துவார்களாம், ரோஸ்லின் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தால் ரயில்வே குவார்ட்டர்ஸில் மூன்றாவது வீட்டுக் குழந்தை எழுந்துவிடுமாம். அந்தம்மாவின் அண்ணன் தம்பி எல்லாரும் ரயில்வே டீமில் ஆடியவர்கள். பெண்ணுக்கு வேலை கிடைத்தது இந்த ஊரில் என்றதும் அந்தம்மா தெருவுக்கே கேக் வாங்கிக் கொடுத்தார்கள், வேலைக்காக இல்லை, மைதானத்துக்காக. நான் வர்றேன், மொதல்ல என்னை அங்க கூட்டிட்டுப் போ, அப்புறம்தான் உன் வீடு என்றார்களாம். வருகிற கோடைக்கு என்று பேச்சு. கோடைக்கு முன்னாலேயே போய்விட்டார்கள். இதெல்லாம் எட்வின் சொல்லித்தான் எனக்குத் தெரியும், சொல்லும்போது அவர் கண்ணைப் பார்க்காமல் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஐம்பத்தேழு வயசில் கல்யாணம் பண்ணிக்கொண்டவள் புருஷன் வாயால் அவருடைய முதல் மனைவியைப் பற்றிக் கேட்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பக்கத்துப் பக்கத்துக் கவுண்டர். அவர் ஏழு, நான் எட்டு. அப்பாவைப் பார்த்துக்கொண்டேன், தம்பிகளைக் கரையேற்றினேன், அதற்குள் எனக்கென்று கேட்க ஆள் இல்லாமல் போயிற்று, நானும் கேட்கவில்லை. அவர் ரிட்டயர் ஆன பிறகு ஒரு நாள் வில்லிவாக்கத்தில் என் வீட்டுக்கு வந்து, கொடுத்த காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைக்காமலே, "புனிதவதி, நீங்க தனியா சாப்பிடுறீங்க, நானும் தனியா சாப்பிடுறேன், ரெண்டும் நல்லா இல்ல" என்றார். இன்னும் நீங்கதான். நானும் சில நேரம் எட்வின் சார் என்று கூப்பிட்டுவிடுகிறேன்.

அப்போதெல்லாம் ஷெரின் என்னை ஆன்ட்டி என்பாள். லீவில் வரும்போது ஆபீசுக்கு வருவாள், கவுண்டர் கண்ணாடியைத் தட்டி, "ஆன்ட்டி, டாடி எங்க?" பதிவுத் திருமணம் முடிந்த அன்றைக்கு ஃபோனில் வாழ்த்துச் சொன்னாள், குரலில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் அன்றிலிருந்து ஆன்ட்டி போய்விட்டது. வேறு எதுவும் அதன் இடத்துக்கு வரவில்லை. வாங்க, சாப்டீங்களா, இந்தக் கோட்டைப் போட்டுக்குங்க. கூப்பிட வேண்டிய இடத்தில் கொஞ்சம் மூச்சு விடுகிறாள், அதுதான் இப்போது என் பேர். அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது. எனக்குத் தெரிந்த வழியில் நானும் இடைஞ்சல் இல்லாமல்தான் இருக்கிறேன். எழுந்ததும் போர்வையை மடித்துவிடுகிறேன், குடித்த கப்பை அப்போதே கழுவிவிடுகிறேன், ஃப்ரிட்ஜைத் திறப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்கிறேன், பெட்டியைக்கூடப் பிரித்துப் பரப்பாமல் கதவோரமாகவே வைத்து வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அப்படியும் மூச்சு முட்டுகிறது என்றால் நான் இருப்பதே முட்டுகிறது. சாதம் அதிகமாக வடித்துவிட்டால் எடுத்துவைக்கலாம், ஆள் அதிகமாகிவிட்டால் என்ன செய்வது. காலையிலிருந்து ஒரு யோசனை. அடுத்த தடவை எட்வின் மட்டும் வரட்டும். நான் என் வில்லிவாக்கம் வீட்டில் இருந்துகொள்கிறேன், இருக்கிற ஒரு பெண்ணையும் அந்த மனுஷன் என்னால் இழந்துவிடக் கூடாது. இதைச் சொல்ல வேண்டும். சொல்வதில் பயம் இல்லை. சொன்னதும் அவர் மேலுதட்டைத் துடைக்காமல் "சரி" என்று சொல்லிவிடுவாரோ என்பதுதான்.

மைதானம் என்றால் நேரு ஸ்டேடியம் மாதிரி வெட்டவெளியில் தனியாக நிற்கும் என்று நினைத்திருந்தேன். இங்கே பஸ் சின்னச் சின்ன செங்கல் வீடுகள் நிறைந்த தெருக்களுக்குள் நுழைந்து திரும்பியது, துணி காயப்போட்ட கொல்லைகளுக்குப் பின்னால் சட்டென்று மலை மாதிரி எழுந்து நின்றது. ஷெரின் முகம் மாறிவிட்டது. இறங்கும்போது எனக்குக் கை கொடுக்க மறந்துவிட்டாள், நானே கம்பியைப் பிடித்து இறங்கினேன், அவள் மேலே பார்த்துக்கொண்டே நடக்கிறாள். இத்தனை வருஷம் இதே ஊரில் இருந்தும் அவள் உள்ளே வந்ததே இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வழிகாட்டி ஒரு பெரியவர், சிவப்பு டை, பேர் டெர்ரி, அவர் பேசுகிற இங்கிலீஷ் ஏறி இறங்கிப் பாட்டு மாதிரி வருகிறது, பாதி பிடிபடவில்லை. பதினைந்து பேர் இருப்போம். மஞ்சள் ஜாக்கெட் போட்ட உயரமான ஒருவர், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஒரு தம்பதி, சீனப் பிள்ளைகள் சிலர். எல்லாரையும் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே வந்த டெர்ரி எங்களிடம் வந்து, ஷெரினையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்து, "அம்மாவும் பெண்ணுமா?" என்றார். இங்கிலீஷ்தான், ஆனால் இது புரிந்துவிட்டது. ஷெரின் அவரை நேராகப் பார்த்து, "இல்லை. இவங்க எங்க அப்பாவோட மனைவி" என்றாள். டெர்ரி "ஆ, அருமை" என்று அடுத்த ஆளிடம் போய்விட்டார். நான் வருத்தப்படுவேன் என்று நினைத்தேன். பார்த்தால், நிம்மதி. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ரிசர்வேஷன் சார்ட்டில் என் பேரை எழுத்துப்பிழை இல்லாமல் அச்சடித்து ஒட்டிவிட்டார்கள். ஆனால் ஷெரின் காது மடல் சிவந்திருந்தது, திரும்பி என்னைப் பார்க்கவில்லை, அது குளிரால் இருக்கலாம்.

வீரர்கள் உடை மாற்றுகிற அறை. ஆணியில் வரிசையாகச் சட்டைகள், பெஞ்சு, நடுவில் ஒன்றுமே இல்லை. இதைப் பார்க்கவா இத்தனை பேர், என்று ஒரு கணம் தோன்றியது, தோன்றியதும் வெட்கமாக இருந்தது, கோவிலுக்குள் நின்று கல்தானே என்று சொன்ன மாதிரி. ஒவ்வொருவரும் ஒரு சட்டைக்குக் கீழே உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஷெரின் ஒரு மூலையில் நின்று ஒவ்வொரு பேராகப் படித்துக்கொண்டே போகிறாள், உதடு அசைகிறது. யாருக்குச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். நான் கதவருகிலேயே நின்றேன். இந்த இடம் ரோஸ்லினுக்கு என்று எழுதிவைத்திருந்த இடம், அந்தம்மா வந்திருந்தால் இந்நேரம் டெர்ரியை மடக்கிக் கேள்வி கேட்டிருப்பார்கள், இங்கே விசிலடிக்கலாமா என்று கேட்டிருப்பார்கள், கேட்காமலே அடித்திருப்பார்கள். நான் கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நிற்கிறேன். பிறகு ஒரு குறுகலான வழி, அதில் நடந்து போனால் ஆட்டக்காரர்கள் வெளியே வருகிற வாய், அதில் போய்ப் படியேறி, திடீரென்று வானம்.

பச்சை. இப்படி ஒரு பச்சையை நான் பார்த்ததில்லை, ஒரு புல்கூட இன்னொரு புல்லைவிட உயரமில்லை. மைதானத்தில் ஒரு பக்கமாகச் சக்கரம் வைத்த பெரிய பெரிய விளக்குகளை நிறுத்தியிருக்கிறார்கள். இந்த ஊர் வெயில் புல்லுக்குப் போதாதாம், அதனால் விளக்கு வெயில் காட்டுகிறார்களாம், டெர்ரி சொன்னார். பாவம் புல் என்று நினைத்தேன், பாவம் ஏன், யாரோ இருந்து பார்த்துக்கொள்கிறார்களே. சுற்றிலும் சிவப்பு இருக்கைகள், ஆயிரம் ஆயிரமாக, எல்லாம் காலி. எல்லாரும் சும்மா உட்கார்ந்து பாருங்கள் என்றார். ஷெரின் ஒரு வரிசையில் நுழைந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் உட்காருவதா, ஒரு இருக்கை விட்டு உட்காருவதா, நான் ஒரு இருக்கை விட்டு உட்கார்ந்தேன். நடுவில் இருப்பது யாருக்கு என்று நாங்கள் இருவருமே சொல்லவில்லை. அவள் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தோள் குலுங்கியது. முதலில் சிரிக்கிறாளோ என்று நினைத்தேன். வாயைக் கையால் பொத்திக்கொண்டு, சத்தம் வெளியே வராமல், முழங்கால் வரை குனிந்து அழுகிறாள். கையை நீட்டினேன், பாதியில் நிறுத்தினேன், தொடலாமா, தொட்டால் இழுத்துக்கொள்வாளோ, கை நடு இருக்கையின் மேலேயே கிடந்தது. கீழே டெர்ரி எல்லாரையும் கிளப்புகிறார், அடுத்து மைதான ஓரத்துக்குப் போக வேண்டுமாம், எங்களைப் பார்த்துக் கையை ஆட்டுகிறார். நான் எழுந்தேன். என்ன தைரியமோ, படியிறங்கிப் போய் அவர் முன்னால் நின்றேன். "சார், அவங்க அம்மா செத்துப்போயிட்டாங்க. இங்க வர ஆசைப்பட்டாங்க. ஃபைவ் மினிட்ஸ் ப்ளீஸ் அட்ஜஸ்ட், சார்." கவுண்டர் எட்டின் இங்கிலீஷ். டெர்ரி மேலே பார்த்தார், தலையில் இல்லாத தொப்பியை எடுப்பது மாதிரி நெற்றியைத் தொட்டார், நாங்கள் கீழே ஓரத்தில்தான் நிற்போம், உங்களுக்கு வேண்டிய நேரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அதை இரண்டு தடவை மெதுவாகச் சொன்னார், எனக்குப் புரிய வேண்டும் என்று.

திரும்பி வந்தபோது அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "என்ன சொன்னீங்க அவர்கிட்ட?" "கொஞ்ச நேரம் கேட்டேன்." தலையாட்டினாள். இதுதான் நேரமா, இல்லை இது நேரமே இல்லையா, யோசிப்பதற்குள் வாய் தானாகச் சொல்லிவிட்டது. "ஷெரின், அடுத்த தடவை உங்க டாடி மட்டும் வரட்டும்மா. நான் ஊர்ல இருந்துக்கறேன். எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல." அவள் திரும்பினாள். "யார் சொன்னா அப்படி? டாடியா?" "யாரும் சொல்லல. காலைல நீ அத்தைகிட்ட பேசினது காதுல விழுந்துடுச்சு. வேணும்னு நின்னு கேக்கல." அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது. கொஞ்ச நேரம் விளக்குகளையே பார்த்தாள். பிறகு, "உங்களாலதான் மூச்சு முட்டுது" என்றாள். சொல்லிவிட்டாள். பரவாயில்லை, சொன்னதே நல்லது, எதிர்பார்த்ததுதானே, எதிர்பார்த்தது வந்தாலும் ஏன் இப்படிக் காது அடைக்கிறது. "ஒரு ஃப்ரிட்ஜைத் திறக்கறதுக்கு என்கிட்ட பெர்மிஷன் கேக்கறீங்க. நான் குடிச்சு முடிக்கறதுக்குள்ள கப்பைப் பிடுங்கிக் கழுவறீங்க. பெட்டியக் கதவுகிட்ட நிக்க வச்சிருக்கீங்க, நான் எப்ப வெளிய போங்கன்னு சொல்லுவேன்னு காத்திருக்கற மாதிரி. தினம் அந்தப் பெட்டியப் பாத்துட்டுத்தான் வேலைக்குப் போறேன். என்னை ஏதோ ராட்சசி மாதிரி ஆக்கிட்டீங்க என் வீட்லயே. அத்தைகிட்ட அதைத்தான் சொன்னேன்." இடைஞ்சல் இல்லாமல் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு வீடு முழுக்க நிரம்பியிருக்கிறேன். ஒதுங்கி நிற்பவள் ஒதுங்கி நிற்பதைத் தவிர வேறு எதையும் பார்க்கவிடுவதில்லை போலிருக்கிறது. அப்பாவின் வீட்டிலும் அப்படித்தான் இருந்தேனா, தம்பி மனைவிமார் அதனால்தான் என்னிடம் சிடுசிடுத்தார்களா, இப்போது அதற்கெல்லாம் எங்கே போவது.

"மம்மிக்கு உங்களைப் பிடிச்சிருக்குமான்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன், பஸ் பூரா" என்றாள் ஷெரின், மைதானத்தைப் பார்த்துக்கொண்டு. பிடித்திருக்கும் என்று சொல்வதுதான் மரியாதை. எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், மேலேயிருந்து பார்த்து சந்தோஷப்படுவார்கள் என்று எட்வினின் சர்ச்சில்கூட ஒருத்தர் சொன்னார், எனக்கு அது ஒட்டவில்லை. "பிடிச்சிருக்காது" என்றேன். அவள் சட்டென்று என்னைப் பார்த்தாள். "ஒரு தடவை ஆபீஸ் ஃபங்ஷன்ல பாத்தாங்க. நான் ஒரு ஓரமா உக்காந்திருந்தேன். உங்க டாடிகிட்ட, எனக்குக் கேக்கற மாதிரியே, யாருங்க அது ஊமைக்கோட்டான்னு கேட்டாங்க." ஷெரினின் வாய் திறந்தபடியே நின்றது. "எனக்கும் அவங்களைப் பிடிக்கலம்மா. ரொம்ப சத்தம்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது, அந்தம்மாவின் மைதானத்தில், அவர்கள் பெண்ணிடம். அவள் சிரித்தாள். மூக்கு இன்னும் அடைத்திருந்ததால் அந்தச் சிரிப்பு ஒரு மாதிரி கனைப்பாக வந்தது, நிற்காமல் வந்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "ஊமைக்கோட்டான்! ஐயோ, மம்மி அப்படித்தான். எல்லாருக்கும் பேர் வச்சிடும். சர்ச் ஃபாதருக்கே வச்சிருந்துச்சு." "என்ன பேரு?" "சொல்ல மாட்டேன், பாவம்." கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, இப்போது எதற்கு என்று அவளுக்கே தெரிந்திருக்காது. நான் கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினேன், நடுவில் இருந்த இருக்கையைத் தாண்டி, அவள் வாங்கிக்கொண்டாள்.

கீழே டெர்ரியின் கூட்டம் கோட்டோரமாகச் சிதறி நிற்கிறது, புல்லை மிதிக்கக் கூடாது என்று கயிறு கட்டியிருக்கிறது. எனக்கு ஏதாவது கேட்க வேண்டும் போலிருந்தது, இந்த ஊருக்கு வந்ததிலிருந்து நானாக எதையும் கேட்டதில்லை, ஃப்ரிட்ஜைத் தவிர. "ஆஃப்சைடுன்னா என்னம்மா? உங்க டாடியக் கேட்டா தெரியாதுங்கறார்." ஷெரின் மூக்கை உறிஞ்சிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அதோ அந்த மஞ்சள் ஜாக்கெட்காரர் இருக்காரில்ல, அவர்தான் எதிராளி டீம்ல கடைசி ஆள்னு வச்சுக்குங்க. அவருக்குப் பின்னாடி கோல்கீப்பர் மட்டும்தான். டெர்ரிதான் கோல்கீப்பர். அந்தத் தள்ளுவண்டி நம்ம ஆள்." "குழந்தையா?" "ஆமா, குழந்தைதான் நம்ம ஆள். இந்தப் பக்கத்துலேருந்து நம்ம ஆளுங்க பந்தை உதைக்கறாங்க. உதைக்கற அந்த நேரத்துல குழந்தை மஞ்சள் ஜாக்கெட்டைத் தாண்டி நின்னா ஆஃப்சைடு." "தாண்டி நிக்கக் கூடாதுன்னா எப்படிம்மா கோல் போடறது?" "பந்து கிளம்பினப்புறம் தாண்டி ஓடலாம். கிளம்பறதுக்கு முன்னாடி அங்க போய் நிக்கத்தான் கூடாது." "மஞ்சள் ஜாக்கெட்காரர் நகர்ந்துட்டா?" அவர் நிஜமாகவே நகர்ந்துவிட்டார், ஃபோனில் படம் எடுக்கப் பின்னால் நடந்து போனார். "அவர் நகர்ந்தா கோடும் நகரும்." "கோடுதான் அங்க வெள்ளையா போட்டிருக்கே?" "ஐயோ, அந்தக் கோடு இல்ல! நான் சொல்றதைக் கவனிக்கிறீங்களா இல்லையா? மண்டையில ஏத்திக்கவே மாட்டேங்கறீங்க. இங்க வாங்க, அங்கேருந்து பாத்தா தெரியாது, இங்க வந்து உக்காருங்க." நடு இருக்கையைப் படாரென்று கீழே தள்ளிப் பிடித்தாள். அதட்டல். அவள் குரல் அந்தக் காலி இருக்கைகளில் எல்லாம் பட்டுத் திரும்பி வந்தது, கீழே இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். எழுந்து போய் உட்கார்ந்தேன், தோள் தோளோடு இடித்தது, அவள் தள்ளி உட்காரவில்லை, என் மணிக்கட்டைப் பிடித்து என் விரலாலேயே மஞ்சள் ஜாக்கெட்டைச் சுட்டிக்காட்டி மறுபடி ஆரம்பித்தாள், கடைசி ஆள், கோல்கீப்பர், குழந்தை, பந்து. குரலில் இன்னும் அந்தச் சலிப்பு இருந்தது. மக்குப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு வருமே, சொந்தக்காரர்களிடம் மட்டும் காட்டுகிற சலிப்பு. சொல்லி முடித்துவிட்டு, "இப்பவாவது புரிஞ்சுதா?" என்றாள். புரிந்துவிட்டது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை சண்டை என்றுகூடத் தோன்றியது.

"புரியலம்மா" என்றேன். "முதல்லேருந்து சொல்லு."